சோற்றுக்கு முகூர்த்தம் பார்த்த முக்கால்மணி

கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். கடை திறக்க, காது குத்த, வான் வண்டி வாங்க நேரம் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் கத்தரிக்காய்ப் பால்கறியோடு ஒரு பிடி சோறு தின்பதற்கு முகூர்த்தம் பார்த்த மனிதர் இந்தக் கண்டி நகரத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் நில அளவை அலுவலகத்தில், அதாவது கந்தோரில், எனக்கு நான்கு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் முக்கால்மணி.

வேலை படவரைஞர். காணி வரைபடங்களில் வேலி எங்கே, கிணறு எங்கே என்று மயிரிழை தவறாமல் கோடு போடுகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, நாற்பத்தாறு வயதில் மெதுவாகக் கல்யாணம் செய்து, அதிலும் மெதுவாக ஒரு மகளைப் பெற்றவர். அம்பிட்டியப் பக்கம் வாடகை வீடு, மனைவி டீச்சர். இதுவரைக்கும் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கக்கூடிய ஆளாக அவர் இருக்கவில்லை. கந்தோரில் எல்லோருக்கும் இரத்தத்தில் சீனி பார்த்தார்களே, அந்த நாளோடுதான் கதை தொடங்கியது.

மற்றவர்களை எல்லாம் விரலில் குத்தி அனுப்பிவிட்டு, எங்கள் இரண்டு பேரை மட்டும் "கொஞ்சம் இருங்க" என்றார்கள். என் பெரியண்ணனுக்குச் சீனி வருத்தத்தில் கால்விரல் இரண்டை எடுத்தார்கள். அவனையும் முதலில் அப்படித்தான் இருக்கச் சொன்னார்கள்.

மறுநாள் முக்கால்மணி என்னைக் கூப்பிட்டுத் தன் அலுமாரிக் கதவைத் திறந்து காட்டினார். உள்பக்கம் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. கீழ்க்கோடு மகளுடைய வயது, மேற்கோடு அவருடையது. நடுவில் சிவப்பு மையில் புள்ளிகள்: சாதாரண தரப் பரீட்சை, உயர்தரம், பல்கலைக்கழகம், வேலை.

"பிள்ளைக்கு இப்ப ஆறு. எனக்கு ஐம்பத்து மூண்டு. பிள்ளை ஆளாகி ஒரு வேலையிலை இருக்கிறதுக்குள்ளை எனக்கு எழுபத்தைஞ்சு தாண்டிடும். அதுவரைக்கும் நான் இருக்கவேணும், தங்கச்சி. கட்டிலிலை இல்லை, நடந்து திரியவேணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். நகை கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்காக இன்னும் இருபத்திரண்டு வருஷம் கேட்டார். அதைக் கேட்ட பிறகு அவரைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இருந்தாலும் சிரித்தேன். அவர் செய்த காரியங்கள் அப்படி.

எங்கிருந்தோ ஒரு வீடியோவில் வழி கண்டுபிடித்திருந்தார். "சோறு கூடாது எண்டு ஆர் சொன்னது? சோறு நல்ல சாமான். நேரம்தான் பிழை. உடம்பை முறிச்சு வேலை செய்துபோட்டு முக்கால் மணித்தியாலத்துக்குள்ளை சாப்பிட்டால் காபோவைதரேற்று தசைக்குப் போகும். பிந்தினால் இரத்தத்திலை நிக்கும்." காபோவைதரேற்று என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் சோதனைக்காக மனப்பாடம் செய்ததற்குப் பிறகு ஒரு மனிதர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். சோறு, பாண், இடியப்பம், ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் அதற்குள் அடக்கம். முக்கால் மணிக்கு வெளியே அவருக்கு உரியது மீன், முட்டை, கீரை, கோபம்.

எங்கள் கந்தோர் நான்கு மாடி. பகல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். பன்னிரண்டரை அடித்தால் நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறப்போம். முக்கால்மணி படியில் ஏறத் தொடங்குவார். ஏழு தரம் ஏறி ஏழு தரம் இறங்குவார். இருபது நிமிடம் அதில் போய்விடும். பிறகு சட்டை முதுகில் ஒட்டியபடி வந்து, கைக்கடிகாரத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் பெட்டியைத் திறப்பார். அதற்குள் நாங்கள் கை கழுவியிருப்போம்.

ஒருநாள் பிலிமத்தலாவையிலிருந்து ஒரு வயதான சிங்களவர் காணி வரைபடம் எடுக்க வந்திருந்தார். யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றவர், கழுத்துப்பட்டியோடு ஒரு மாத்தயா, அதாவது ஒரு துரை, விறுவிறுவென்று படியேறுவதைப் பார்த்தார். இவர்தான் பெரிய ஆள், தன்னை உரிய இடத்துக்குக் கூட்டிப் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே ஏறினார். நான்காம் மாடிக்குப் போன மாத்தயா எந்த அறைக்குள்ளும் நுழையாமல் திரும்பி இறங்கினார். கிழவரும் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார். அரசாங்கக் கந்தோரில் இப்படி மேலும் கீழும் அலையவிடுவது வழக்கம்தானே என்று அவர் சந்தேகப்படவேயில்லை. மூன்றாம் சுற்றில் படியிலேயே உட்கார்ந்து, "மாத்தயா, கையெழுத்து எந்த மாடியில்?" என்று சிங்களத்தில் கேட்டாராம்.

முக்கால்மணி பதறிப்போனார். கிழவரைத் தன் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, சாப்பாட்டுப் பெட்டியில் பாதியை மூடியில் பிரித்து வைத்தார். "நீங்களும் மூன்று சுற்று ஏறிவிட்டீர்கள். இப்போது பயமில்லாமல் சாப்பிடலாம்" என்று அவருக்கும் விளக்கம் சொன்னார். சாப்பிட்டு முடிந்ததும் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு அவருடைய வரைபடத்தை அன்றைக்கே எடுத்துக் கொடுத்தார். கிழவர் கும்பிட்டுவிட்டுப் போனார். படிப்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

எங்கள் மேசைக்குத் தலைவி நசீரா தாத்தா. திகனக்காரர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். கந்தோரில் நாங்கள் எல்லோரும் அவருக்குத் தம்பி தங்கைதான். மேசையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் பெட்டியில் உள்ளதை மட்டும் தின்று எழும்பக்கூடாது. என் பருப்பு அவருக்கு, அவருடைய கோழிக்கறி எனக்கு, சிங்களப் பெண்களின் பலாக்காய்க்கறி எல்லோருக்கும். நசீரா தாத்தா தினமும் முக்கால்மணிக்கென்று ஒரு பங்கை ஒரு மூடியில் எடுத்து வைப்பார். எல்லோரும் எழும்பிய பிறகு அவர் வந்து அதைத் தனியே தின்பார். ஒன்றரைக்கு மேல் யாராவது பலகாரம் நீட்டினால் கடிகாரத்தைக் காட்டுவார்.

"எங்களுக்கும் மாசம் முழுக்க நேரம் பாத்துத் திங்கிற காலம் ஒண்டு ஈக்கி," என்று தாத்தா ஒருநாள் சொன்னார். "ஆனா நோன்பு தொறக்கக்குள்ள தனியத் தொறக்க மனசு வாறல்ல. பக்கத்து வீட்டுக்குக் கஞ்சி அனுப்பிட்டுத்தான் நாங்க குடிக்கிற."

"அது ஆன்மீகம். இது விஞ்ஞானம்," என்றார் முக்கால்மணி.

இவ்வளவு கேலி பேசுகிற நான் என்ன செய்தேன் என்றால், அவருக்குச் சிஷ்யையானேன். அண்ணனின் கால் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. சனிக்கிழமைகளில் ஹந்தானை வீதியில் மலையேறுவோம், மேலே போய்ச் சாப்பிடுவோம் என்றார். முதல் வாரம் என் கணவரும் காவலுக்கு வந்தார். இரண்டாம் வாரம் அவருக்கு முழங்கால் வலி வந்தது. மூன்றாம் வாரம், "அந்த மனுசன் கடிகாரத்தத் தவிர வேற எதையும் பாக்க மாட்டாரு, நீ தைரியமாப் போ" என்று அனுப்பிவைத்தார்.

அப்படி ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டுப் பெட்டியோடு மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தோம். வீதியோரத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு அக்கா கேட்டார்.

"சாப்பாட்டக் கட்டிக்கிட்டு எங்க போறீங்க?"

"சாப்பிடத்தான் அக்கா," என்றேன்.

"ஏன், கீழ இருந்தா சோறு எறங்காதா?"

முக்கால்மணி அந்த இடத்திலேயே வகுப்பு எடுத்தார். தசை, இரத்தம், முக்கால் மணித்தியாலம் எல்லாம் வந்தது. அந்த அக்கா ரொட்டியைக் கடித்தபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படின்னா நாங்கல்லாம் நூறு வருசம் இருக்கணுமே சார். விடிஞ்சதுல இருந்து இந்த மலையிலதான் ஏறி எறங்குறோம், அப்புறம்தான் ரொட்டி. எனக்கு மூணு வருசமா சீனி வருத்தம். மாத்திர போடுறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே வெட்கமாகவும் இருந்தது. நான் பிறந்ததும் இவர்களைப் போலத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில்தான். நகரத்துக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு, அதைச் சரிசெய்ய அவர்கள் பிழைப்புக்கு ஏறுகிற மலையில் நான் சோற்றுப் பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தேன். முக்கால்மணி சிரிக்கவில்லை. ரொட்டிக்கு என்ன கறி, கீரை கிடைக்குமா, தேத்தண்ணியில் எத்தனை கரண்டி சீனி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தன் கீரைக்கறியை அவர்களுக்குக் கொடுத்து ஒரு ரொட்டியும் சம்பலும் வாங்கித் தின்றார். இறங்கி வரும்போது, "கொழுந்து எடுக்கிற அந்தப் பிள்ளைக்கு என்ர முக்கால் மணித்தியாலம் உதவாது தங்கச்சி. நேரத்தை விடக் கறிதான் அவவுக்கு வேணும்," என்றார். ஒரு கொள்கையைக் கட்டிப்பிடித்திருக்கும் ஆண்பிள்ளை அதன் ஓட்டையைத் தானே ஒப்புக்கொண்டதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

பொய் சொல்லக்கூடாது. மூன்று மாதத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சீனி இறங்கியது. எனக்கு உடம்பு இலேசானது, பகல் தூக்கம் போனது. ஆனால் வேறொன்றும் நடந்தது. சோற்றைக் கண்டால் எனக்குப் பயம் வந்தது. நாத்தனார் வீட்டில் பால் காய்ச்சிய அன்று பந்திக்குக் கூப்பிடுகிறார்கள், நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறேன். உள்ளே யாருக்கோ வலிப்பு என்று கதவை உடைக்கப் பார்த்தார்கள். வீட்டில் என் கணவர், "சோத்த அப்படி மொறைக்காத, அது உன்ன ஒண்ணும் செய்யல," என்பார். கேலியாக எடுத்துக்கொண்டேன்.

நோன்பு மாதம் வந்தது. நசீரா தாத்தா எங்களைத் திகனையில் தன் வீட்டுக்கு நோன்பு திறக்கக் கூப்பிட்டார். முக்கால்மணி மனைவிக்கு அன்று பள்ளிக்கூடத்தில் கூட்டம். அதனால் மகள் ஆரணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஏறியதுமே கணக்குத் தொடங்கிவிட்டது. நோன்பு திறக்கப் பாங்கு சொல்வது ஆறு இருபதுக்குப் பிறகு. அவர் மூன்று பஸ் தரிப்பு முன்னால் இறங்கி வேகமாக நடந்தால் ஆறு மணிக்கு வீட்டு வாசல். ஆறே முக்கால் வரை சாப்பிடலாம். பிள்ளையை என்னிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கி நடந்தார். சொன்னபடி ஆறு மணிக்கு வியர்க்க வியர்க்க வந்து சேர்ந்தார்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு சுடச்சுடக் கஞ்சி. முக்கால்மணி மகிழ்ச்சியாகக் குடித்தார். ஆரணி மட்டும் கோப்பையைத் தொடவில்லை. புது வீட்டில் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

கஞ்சிக்குப் பின்னால் சாப்பாடு வரும் என்று அவர் நினைத்திருந்தார். தாத்தாவின் கணவர் எழும்பித் தொப்பியைச் சரிசெய்தார். "இரிங்க, தொழுதிட்டு வந்து சேந்து சாப்பிடுவம்," என்று பள்ளிவாசலுக்குப் போனார். தாத்தா உள்ளே தொழப் போனார். முக்கால்மணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பாங்குக்கு நிமிடக் கணக்கு வைத்திருந்தவர் தொழுகைக்கு ஒரு நிமிடமும் ஒதுக்கவில்லை. ஆறே முக்காலுக்குக் கடிகாரம் கீச் கீச் என்று அடித்தது. உள்ளே இருந்து கோழியும் நெய்ச்சோறும் மணந்தது.

நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் கோப்பைகளை எடுத்து வைத்தேன். ஏழு மணிக்குத் தாத்தாவின் கணவர், எங்களுக்கு நானா, பள்ளிவாசலிலிருந்து திரும்பினார். அதே நேரம் தாத்தா ஹாலில் பாய் விரித்துச் சஹனை வைத்தார். சஹன் என்றால் பெரிய தாம்பாளம்; நடுவில் சோறு, மேலே கறிகள், சுற்றி ஐந்தாறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. அப்போதுதான் மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினோம்.

முக்கால்மணி உடுத்திருந்த சாரத்தை மடித்துக்கட்டி அவர்கள் வீட்டு மாடிப்படியில் ஓடி ஏறிக்கொண்டிருந்தார். நானா வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவருக்குப் பின்னால் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது.

ஆரணியும் ஓடிக்கொண்டிருந்தாள். சட்டையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிற அப்பாவுக்குத் தெரியாமல், வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறினாள். ஐந்தாம் தரம் இறங்கும்போது கால் தள்ளாடிக் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. முக்கால்மணி அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா, நான் அஞ்சு தரம் ஓடிட்டன்," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. "எனக்கு இப்ப சோறு தரலாமோ? கொஞ்சம் எண்டாலும்?"

நானாதான் மெதுவாகச் சொன்னார், "வந்து இரிங்க மகள். சாப்பாடு ஓடிப் போகாது."

முக்கால்மணி படியில் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு வந்து சஹன் பக்கத்தில் சப்பணமிட்டு இருந்தார். மூச்சு ஆறும்வரை காத்திருந்தார், ஓடியதற்காகத் தின்கிறோம் என்று பிள்ளை நினைக்கக்கூடாது என்பதுபோல. நாங்களும் காத்திருந்தோம். சோறு ஆறியது. பிறகு ஒரு பிடி பிசைந்து நீட்டினார். பிள்ளை வாயைத் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். அந்தப் பிடியை அவர் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு பிடியையும் போட்டார். மூன்றாவதுக்குத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

அவள் எவ்வளவு பசியோடு இருந்திருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நசீரா தாத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோழியில் நல்ல துண்டுகளை எல்லாம் அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். நானும் மலையேறாமல், ஓடாமல், ஒரு படிகூட மிதிக்காமல் சாப்பிட்டேன்.

மறுநாள் அவர் என் மேசைக்கு வந்தார். "பள்ளிக்கூடத்திலை இடைவேளைக்கு அவள் ஒண்டும் தொடுறதில்லையாம். என்ர மனுசி ரெண்டு மாசமாச் சொல்லிக்கொண்டுதான் இருந்தவ. நான் காதிலை விழுத்தேல்லை, தங்கச்சி."

அன்று முதல் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு மகளோடும் மனைவியோடும் இருந்து சாப்பிட்டார். படியேறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி. சோற்றை அளவாகப் போட்டார், கீரையைக் கூட்டினார், சாப்பிட்ட பிறகு மூன்று பேரும் நடந்தார்கள். பகலில் மட்டும் பழைய படியேற்றம் தொடர்ந்தது. அதையும் நான்கு சுற்றாகக் குறைத்துக்கொண்டு, எங்கள் பெட்டிகள் மூடுமுன் மேசைக்கு வந்துவிடுவார்.

நேரம் பார்த்துச் சாப்பிடுவது பைத்தியம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அது உதவியது. இன்றைக்கும் நடந்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறேன். ஆனால் நல்ல சாப்பாடு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இப்போது என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. இரத்தத்தில் என்ன நிற்கிறது என்று பார்க்கக் கருவி இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் மனதில் என்ன நிற்கிறது என்று பார்க்க ஒன்றும் இல்லை. ஹந்தானை அக்காவின் தட்டில் கீரை இல்லாததற்கும் எந்தக் கடிகாரத்திலும் மருந்து இல்லை. சோறு உழைத்துத் தீர்க்கவேண்டிய குற்றம் என்று ஆறு வயதில் ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், அந்த வீட்டில் எத்தனை பேருக்குச் சீனி இறங்கினாலும் அது சுகமான வீடு இல்லை. இவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

ஆனால் அவருக்குள் பயம் இருந்தது. இரவுச் சோறு தன் வருஷங்களைத் தின்றுவிடுமோ என்று கிளினிக் நாள் நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைத்தார். அன்று காலை இருவரும் கிளினிக் வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முதலில் என்னைக் கூப்பிட்டு ஒரு கடதாசியை மடித்துக் கொடுத்தார்கள். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வெளியே வந்து, கடதாசியைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சை தாங்கோ, நீங்களே பாத்துச் சொல்லுங்கோ," என்று என்னிடம் நீட்டினார். யார் யாரிடம் எதைத் தரச் சொல்கிறோம் என்பதுகூடக் குழம்பிப் போயிருந்தது அந்த மனிதருக்கு.

வாங்கிப் பிரித்தேன். எழுத்துகள் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏறல அண்ணே. அப்படியேதான் இருக்கு."

அவர் வாங்கில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். "மகள் கேட்டால் என்ன சொல்லுறது எண்டு இரா முழுக்க யோசிச்சனான்," என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "உங்களுக்கு என்ன மாதிரி?" என்று கேட்டார்.

என்னுடைய கடதாசி மடித்தது மடித்தபடி கைப்பைக்குள்ளேயே இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவேயில்லை.